நாற்காலி, கட்டடம், வீடியோ: எதை விடுவது?

கேட்டவருக்கு வயது 27. கட்டடக்கலை படித்துவிட்டு மூன்று வருடமாக ஓர் அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கிறார். ராத்திரியும் விடுமுறையும் மரப்பட்டறையில் கழிகின்றன; இதுவரை மூன்று நாற்காலியும் ஒரு பெஞ்சும் செய்திருக்கிறார். கட்டடங்களைப் பற்றி எட்டு சின்ன வீடியோக்களும் எடுத்திருக்கிறார். மூன்றாவது நாற்காலியின் பின்கால் விரிசல் விட்டதாகவும், அதை ஒட்டி மறைத்து வைத்துத்தான் கடைசி வீடியோவை எடுத்ததாகவும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். கேள்வி இதுதான்: "போர்ட்ஃபோலியோவைப் பார்க்கிறவர்கள், மூன்று பேர் வேலையை ஒன்றாகத் தைத்த மாதிரி இருக்கிறது, ஒன்றைப் பிடித்துக்கொள் என்கிறார்கள். எதை விடுவது?"

எதையும் விடவேண்டாம். ஆனால் உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது உண்மையான குறை. அதற்கு அவர்கள் சொன்ன மருந்துதான் சரியில்லை.

நீங்கள் அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றையும் இணைக்கிறது என்று நீங்கள் நம்புவது ஒரு தோற்றம்: வெளிர் மரம், மெல்லிய கறுப்பு இரும்பு, அசையாத கேமரா, பின்னணியில் ஒற்றைப் பியானோ. ஒரே துணியில் மூன்று சட்டை தைத்துப் போட்டால் மூன்று பேர் ஒரே ஆளாகிவிடமாட்டார்கள். இணைக்க வேண்டியது கேள்வி. மூன்று துறையிலும் நீங்கள் எதைத் துரத்துகிறீர்கள் என்பது தெரிந்துவிட்டால், ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத வேலைகள்கூட ஒரே கையின் வேலையாகத் தெரியும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் பின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனை. கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ 1929இல் அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றார், 1933இல் கட்டடம் முடிந்தது. அந்த நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்தே கிடப்பார்கள். அறையை நாம் எப்போதும் வாசலில் நிற்கிறவருடைய கண்ணால்தான் வரைகிறோம். ஆல்டோ படுத்திருப்பவருடைய கண்ணால் வரைந்தார். படுத்திருப்பவர் நாள் முழுக்கப் பார்ப்பது மேற்கூரையை. அதனால் மேற்கூரைக்குக் கண்ணுக்கு இதமான பச்சை பூசினார், விளக்கை நேராகக் கண்ணில் அடிக்காத இடத்துக்கு மாற்றினார். பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொள்ளாதபடி கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சத்தமில்லாமல் விழவேண்டும் என்று அதன் சரிவைக்கூட யோசித்தார். அந்த மருத்துவமனைக்காக உருவான நாற்காலியில், வளைத்த பிளைவுட் ஒரே சுருளாக ஓடி இருக்கையாகவும் முதுகாகவும் ஆகிறது. அதன் சாய்வு, நோயாளி நெஞ்சு விரிய மூச்சு விடுவதற்காக வைத்த சாய்வு. அறையும் நாற்காலியும் இரண்டு அளவில் ஒரே உடம்பைப் பற்றி யோசித்தவை. அவற்றின் உறவு அங்கே இருக்கிறது. இரண்டும் வெளிர் நிறம் என்பது அதற்கு அப்புறம்தான்.

உங்கள் கேள்வி என்ன என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வேலையில் ஒரு தடயம் இருக்கிறது. உங்கள் எட்டு வீடியோவில் ஐந்தில் யாரோ எதற்கோ காத்திருக்கிறார். அலுவலகத்தில் உங்களுக்குக் கொடுத்த வேலைகளில் நீங்கள் ஆசையாக எழுதியிருப்பது ஒரு மருத்துவக் கூடத்தின் காத்திருப்புப் பகுதியைப் பற்றி. உங்கள் பெஞ்சு முதுகில்லாத, அரை மணிக்கு மேல் உட்காரமுடியாத பெஞ்சு. இதை நீங்கள் கவனித்தீர்களா? காத்திருக்கும் உடம்பு என்பது வாழ்நாள் முழுக்க வேலை வாங்கக்கூடிய விஷயம்.

அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியரை உங்கள் முன்மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று துறையிலும் கைவைக்கிற எல்லாரும் சொல்லும் பெயர்தான். ஆனால் அவர்கள் வேலையை முடிந்த பொருளாகப் பார்க்காமல், அது நடந்த வரிசையில் பாருங்கள். 1940களின் தொடக்கத்தில் அவர்கள் பிளைவுட்டை ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளைக்க முயன்றார்கள். குடியிருந்த அபார்ட்மென்ட்டிலேயே ஓர் அச்சு இயந்திரம் செய்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து அழுத்தம் கொடுத்தார்கள். அந்தத் தொழில்நுட்பத்தில் முதலில் பெருமளவில் வெளிவந்தது நாற்காலி அல்ல, 1942இல் அமெரிக்கக் கப்பற்படைக்காகச் செய்த கால்கட்டு. காலொடிந்த வீரர்களைத் தூக்கிச் செல்ல, சுமார் 1,50,000 செய்யப்பட்டன. நாற்காலிக்கு வந்தபோது இருக்கையையும் முதுகையும் ஒரே ஓடாக வளைக்கப் பார்த்தார்கள். இருக்கை முதுகாக மடங்கும் இடத்தில் பிளைவுட் பிளந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஓடாக இருந்ததை இரண்டாகப் பிரித்து, இருக்கை தனி, முதுகு தனி, நடுவில் ஒரு தண்டு என்று வைத்தார்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த மர நாற்காலியின் வடிவம் 1946இல் அப்படி வந்தது. அந்தப் பிளவு சொன்னதைக் கேட்டதால் வந்த வடிவம் அது.

இவர்கள் படம் எடுத்ததும் விளம்பரத்துக்காக மட்டும் அல்ல. நூற்றுக்கும் மேல் சின்னப் படங்கள் எடுத்தார்கள். 1949இல் கட்டிய தங்கள் வீட்டைப் பற்றி உடனே எடுக்கவில்லை. அதில் ஐந்து வருடம் வாழ்ந்த பிறகு 1955இல் எடுத்தார்கள், அதுவும் முழுக்க ஸ்டில் படங்களாலேயே. பூந்தொட்டி, தட்டில் விழும் வெயில், கண்ணாடியில் ஆடும் மர நிழல். கட்டடம் முடிந்த மறுநாள் யாரும் இல்லாத அறையைச் சுற்றிக் கேமராவைச் சறுக்கவிடும் நம் பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

அவர்களுடைய 'பவர்ஸ் ஆஃப் டென்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1977இல் வந்த ஒன்பது நிமிடப் படம். புல்வெளியில் இளைப்பாறும் இருவரிடம் தொடங்கி, பத்து நொடிக்கு ஒருமுறை பார்வையின் அகலம் பத்து மடங்காகிக் கேமரா அண்டவெளிக்குப் போய்த் திரும்பி, கைத்தோலுக்குள் புகுந்து அணுவரை போகிறது. எல்லாரும் இதை விண்வெளிப் படமாக நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தொடக்கம்தான். முதல் ஃப்ரேம் ஒரு மீட்டர் அகலம்: அது நாற்காலியின் அளவு. அடுத்தது பத்து மீட்டர்: அது வீட்டின் அளவு. ஒரு வடிவமைப்பாளர் வாழ்நாளெல்லாம் புழங்கும் தூரம் அந்தப் படத்தில் பத்து நொடி. நாற்காலிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் நாம் போட்டு வைத்திருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

சொல்லப்போனால், படமாக யோசிக்கக் கேமராகூடத் தேவையில்லை. வடிவமைப்பாளர் மார்செல் பிராயர் 1926இல், ஜெர்மனியின் வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸின் பத்திரிகையில் ஒரு 'படம்' வெளியிட்டார். அது வெறும் அச்சுப் பக்கம். ஐந்து வருடத்தில் தான் செய்த நாற்காலிகளைப் படச்சுருள் போல மேலிருந்து கீழாக வரிசையாக வைத்தார். கனத்த மரத்தில் தொடங்கி, மெல்லிய சட்டம், அப்புறம் வளைத்த எஃகுக் குழாய். கடைசிக் கட்டத்தில் நாற்காலியே இல்லை: ஒரு பெண் காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார். தன் வேலை எங்கே போகிறது என்று அவருக்கே அந்த வரிசைதான் காட்டியிருக்கும். உங்கள் மூன்று நாற்காலியையும் இப்படி ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். நான்காவது கட்டத்தில் என்ன வரவேண்டும் என்று அதிலிருந்து தெரிகிறதா?

வீடியோ உங்கள் கட்டடத்துக்கு என்ன தரும் என்பதுதான் அடுத்தது, அதை எளிய கணக்கிலேயே காட்டலாம். 1:100 பிளானில் 12 சென்டிமீட்டர் வரைந்த நடைகூடம் நிஜத்தில் 12 மீட்டர். நிதானமாக நடப்பவருக்குச் சுமார் பத்து நொடி. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்த உங்களுக்குப் பத்து நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். ஒன்றுமே நடக்காத பத்து நொடி ஷாட்டை வெட்டாமல் விட்டால் பார்ப்பவர் நெளிவார். அப்படியானால் இருபுறமும் வெற்றுச் சுவராக அந்த நடைகூடத்தை எப்படி வரைந்தோம்? ஐந்தாவது நொடியில் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வரவேண்டாமா? பிளானில் கோட்டைப் பார்க்கிறோம், டைம்லைனில் நேரத்தைப் பார்க்கிறோம். கட்டடம் இரண்டும் சேர்ந்தது. சோவியத் திரைப்பட இயக்குநர் செர்கே ஐசன்ஸ்டைன் சினிமாவுக்கு வருமுன் கட்டடப் பொறியியல் படித்தவர், கட்டடக் கலைஞரின் மகன். ஏதென்ஸின் அக்ரோபாலிஸ் குன்றில் ஏறி நடப்பவருக்குக் கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும் விதத்தை ஷாட்டும் வெட்டுமாக அவர் வாசித்துக் காட்டினார். சினிமாவுக்கு முந்திய சினிமா என்றே அதை எடுத்துக்கொண்டார்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு நூலகத்தின் முன்கூடத்துக்கு 2.4 மீட்டர் நீளத்தில் பெஞ்சு வடிவமைத்தேன். என் வரைபடத்தில் அதில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போட்டு ஒரு மாதம் கழித்து, அனுமதி வாங்கி, அறிவிப்பும் ஒட்டிவிட்டு, தூணோரம் கேமராவை வைத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். முதலில் வந்தவர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்தவர் மறு ஓரம். இருவர் பையும் நடுவில். மூன்றாவதாக வந்தவர் பைகளைப் பார்த்தார், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். நான்கு பேருக்கான பெஞ்சில் இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட மூன்று பேர் உட்காரவில்லை. அதைவிட என்னைத் தைத்தது இன்னொன்று. வயதான ஒரு பெண்மணி எழுந்திருக்க முயன்றார். கை இரண்டு பக்கமும் காற்றைத் துழாவியது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் இருக்கையின் முன்விளிம்பைப் பிடித்து உந்தினார். அந்த விளிம்பை நான் அழகுக்காகக் கூராக விட்டிருந்தேன். எழுந்த பிறகு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். அந்தத் தேய்ப்பு நான்கு நொடி இருக்கும். பெஞ்சைப் பற்றி எனக்குக் கிடைத்த எல்லா விமரிசனத்தைவிடவும் அதுதான் பெரியது.

பெஞ்சைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். விளிம்பை உருட்டினேன். நடுவில் அல்லாமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு கைப்பிடி வைத்தேன். அது எழுந்திருக்கவும் உதவும், பெஞ்சை ஒருவர் பகுதி, இருவர் பகுதி என்றும் பிரிக்கும். பைக்கு அடியில் தட்டு. அடுத்து நான் வரைந்த கட்டடத்தில், காத்திருப்பவர் முதுகு சாயும் உயரத்தில் சுவரையே சற்றுக் குழித்து விட்டேன், நின்றவருக்கும் இடம் வேண்டுமே. கேமரா பார்த்தது மரமாயிற்று, மரம் கற்றது சுவராயிற்று. மூன்று துறையும் ஒன்றுக்கொன்று உதவுவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். விரலில் எண்ணக்கூடிய தடவைதான் இப்படி நடந்திருக்கிறது, ஆனால் நடந்தபோதெல்லாம் வேலை திருந்தியிருக்கிறது.

உங்கள் வீடியோக்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், உங்களால் திருத்திக்கொள்ள முடியும் என்பதால். மிக அகலமான லென்ஸ் சின்ன அறையைக் கூடமாகக் காட்டும். கட்டடக் கலைஞர் தன் கட்டடத்தைப் பற்றிச் சொல்லும் பொய் அது. பறந்து போகும் கேமராவை விடுங்கள், எந்த உடம்பும் அந்த வழியாகப் போவதில்லை. உட்காருவதைப் பற்றிய படம் என்றால் கேமராவும் உட்காரட்டும்: தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். பியானோவை எடுத்துவிட்டு அந்த அறையின் ஒலியையே பதிவு செய்யுங்கள். கான்கிரீட் அறையும் மரம் பாவிய அறையும் காலடி ஓசையிலேயே வேறுபடும். அந்த வித்தியாசத்தை வரைபடத்தில் காட்டவே முடியாது, வீடியோவில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் எட்டில் ஏழில் அதை இசைபோட்டு மூடிவிட்டீர்கள்.

யாரைப் படம் எடுப்பது என்பதும் முக்கியம். டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கோல்ஹாஸ் (அவரும் கட்டடக்கலைக்கு வருமுன் பத்திரிகையாளராகவும் திரைக்கதை எழுதுபவராகவும் இருந்தவர்) பிரான்சில் போர்தோ நகரத்தருகே 1998இல் ஒரு வீடு கட்டினார். சக்கர நாற்காலியில் இருந்த உரிமையாளருக்காக, அதன் நடுவில் ஓர் அறையே மேலும் கீழும் போகும் மேடையாக இருந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் படம் பிடித்தன. இலா பெக்கா, லூயிஸ் லெமுவான் இருவரும் 2008இல் எடுத்த படத்தில் கேமரா அந்த வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்ணின் பின்னால் போகிறது. வாளியும் துடைப்பமும் குறுகிய சுருள் படியில் ஏறுவதை, ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பதைப் பார்க்கிறோம். வீட்டை அது கேலி செய்யவில்லை. அந்த வீட்டோடு தினமும் மல்லுக்கட்டுகிறவரிடம் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மருத்துவக் கூடத்தைத் துடைப்பவரிடம் நீங்கள் கேட்டதுண்டா?

இன்னொன்று, படத்துறையிலிருந்து மற்ற இரண்டுக்கும் நீங்கள் கொண்டுபோக வேண்டிய பழக்கம். படம் முடிந்தால் பெயர்கள் ஓடும். ஒலி பதிந்தவர், விளக்குப் பிடித்தவர் உட்பட. நாற்காலிக்கும் கட்டடத்துக்கும் ஒரே பெயர்தான் ஒட்டிக்கொள்கிறது. பார்சலோனா நாற்காலி என்றால் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ என்பார்கள், கூட வேலை செய்த வடிவமைப்பாளர் லில்லி ரைக்கை விட்டுவிடுவார்கள். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 1924இல் எழுந்த ஷ்ரோடர் வீடு கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் கட்டியது என்பார்கள். மேல்தளத்தைத் தள்ளுசுவர்களால் திறந்து மூடும்படி கேட்டுக் கூடவே வடிவமைத்த ட்ருஸ் ஷ்ரோடர் வாடிக்கையாளராக மட்டும் நினைவில் நிற்பார். ஆல்டோவின் அறைகலன்களில் அவர் மனைவி ஐனோ ஆல்டோவின் கை உண்டு. உங்கள் முதல் நாற்காலிக்கு மரம் தேர்ந்து, இழைப்பு கற்றுக்கொடுத்த தச்சர் ஒருவர் உண்டென்று எழுதியிருந்தீர்கள். அவர் பெயர் உங்கள் போர்ட்ஃபோலியோவில் எங்கும் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டு முதலில் அதைச் சேருங்கள்.

மூன்றின் வேகமும் வேறு. வீடியோ நாலு நாளில் முடியும், அன்றே பாராட்டு வரும். நாற்காலி மாதக்கணக்கு. கட்டடம் வருடக்கணக்கு, அதிலும் உங்கள் கைக்கு முடிவு வருவது இன்னும் தாமதம். வேகமானது மெதுவானதைத் தின்றுவிடும். இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன். ஒரு கட்டத்தில் நாற்காலியே வீடியோவுக்காகச் செய்யப்படும் அரங்கப்பொருள் ஆகிவிடும். அதனால் அலுவலக வேலையை இப்போது விடாதீர்கள். பல நாடுகளில் கட்டடக் கலைஞர் என்ற பெயருக்கே பதிவும் அனுபவமும் சட்டப்படி வேண்டும். அதோடு, சிமென்ட் இறுகுமுன் ஒரு முடிவை எடுக்கும் பொறுப்பை வேறு எங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

போர்ட்ஃபோலியோவில் இப்போது மூன்று அத்தியாயம் இருக்கிறது. அந்தப் பிரிப்பை எடுத்துவிடுங்கள். காத்திருப்பைப் பற்றிய ஒரு வேலையை மட்டும் முன்னால் வையுங்கள்: அந்தக் கூடத்தின் பிளானும் செக்‌ஷனும், அதில் ஒருவர் நாற்பது நிமிடம் காத்திருந்ததன் வீடியோவிலிருந்து பன்னிரண்டு ஃப்ரேம், அதைப் பார்த்து நீங்கள் திருத்திய பெஞ்சின் அளவுகள். பத்துப் பக்கம் போதும். மற்றதெல்லாம் பின்னால் சின்னப் படங்களாக இருக்கட்டும். பார்ப்பவருக்குக் கேள்வி புரிந்துவிட்டால் துறையை எண்ணமாட்டார்.

கடைசியாக, அந்த விரிசல். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்கால் வளைவை நேரான பலகையிலிருந்து அறுத்திருக்கிறீர்கள். வளைவு கூடும் இடத்தில் மரத்தின் இழை காலோடு சேர்ந்து ஓடாமல் குறுக்கே வெளியேறுகிறது. இருக்கைச் சட்டத்துக்கான துளையும் சரியாக அங்கேயே விழுந்திருக்கிறது. ஒருவர் பின்னால் சாய்ந்து முன்கால் இரண்டும் தூக்கும்போது அவருடைய எடை முழுக்க நெம்புகோல் மாதிரி அந்த இடத்தில் இறங்கும். பசை அதைத் தாங்காது, திரும்பவும் பிளக்கும். மூன்று வழி இருக்கிறது: இழையே வளைந்து போகும் பலகையைத் தேடலாம், மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டி வளைக்கலாம், அல்லது காலை நேராக விட்டு, சாய்வை முதுகுச் சட்டத்துக்கு மட்டும் கொடுக்கலாம். எதைச் செய்யுமுன்னும் அந்த ஒட்டைப் பிரித்து, வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் விரிசலை நெருக்கமாகப் படம் எடுங்கள். பிறகு நாற்காலியில் யாரையாவது உட்காரவைத்துச் சாயச் சொல்லி, அது எந்தப் பக்கமாக வாய் திறக்கிறது என்று எடுங்கள். ஆள் விழுந்துவிடாமல் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்கள், துளையை எவ்வளவு மேலே நகர்த்தலாம் என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.